மார்மன் மிஷனரிப் பையன்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிப்படிப்பு முடித்த சில மாதங்களில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, இரண்டு பெரிய பெட்டியோடு விமானம் ஏறிவிடுவான். மார்மன் சபையின் மதத்தைப் பரப்பும் ஊழியம் அது, 'மிஷன்' என்பார்கள். அடுத்த இரண்டு வருடம் அவனைப் பார்க்க முடியாது. ஊரிலிருந்து வரும் பெற்றோரும் நண்பர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. எங்கள் தெருவில் போய் வந்த பையன்களும் அவர்களுடைய அம்மாக்களும் சொன்னதையும், சபையே வெளியிட்டிருக்கும் விதிகளையும் வைத்து எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு வாழ்க்கை மாறும் என்பதால் பெரும்பாலும் பிலிப்பைன்ஸை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் அங்கேதான் போனார்கள்.

மார்மன்கள் யார்?

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய கிறிஸ்தவ சபை. பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாக வைத்திருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை', தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. 2018ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் முழுப்பெயரைச் சொல்லியே அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தமிழில் தேடி வருபவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் பழைய பெயரில் எழுதுகிறேன்.

போயே ஆக வேண்டுமா? கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு அது கடமை என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். ஐந்து வயதுப் பையன் உண்டியலில் 'மிஷன் காசு' சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் விரும்பினால் போகலாம், போகாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள் (2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள்). 2012ல் குறைத்த உடனே எண்ணிக்கை எகிறியது, அதிலும் பெண்கள் ஏராளமாகப் போகத் தொடங்கினார்கள். 2024 முடிவில் உலகம் முழுக்க 450 மிஷன்களில் (ஊழியப் பகுதிகளையும் அப்படித்தான் சொல்கிறார்கள்) 74,000 பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள்.

எந்த ஊருக்குப் போவது என்று அவனே முடிவு செய்யலாமா?

முடியாது. விண்ணப்பம் போட வேண்டும், டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் சான்று வாங்க வேண்டும், உள்ளூர் சபைத் தலைவர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்புறம் சால்ட் லேக் சிட்டியில் முடிவாகும். முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறை தபாலில் வரும், 2018க்குப் பிறகு எல்லாம் ஆன்லைனில். பிரித்துப் படிக்கும் மாலையில் சொந்தக்காரர்கள், பள்ளி நண்பர்கள் எல்லாரும் வீட்டில் கூடிவிடுகிறார்கள். சுவரில் உலக வரைபடம் தொங்கும், ஆளுக்கொரு ஊசியைக் குத்தி இந்த ஊர்தான் என்று பந்தயம் கட்டுவார்கள். பையன் சத்தமாகப் படிக்கிறான்: பிரேசில், கானா, ஜப்பான், பிலிப்பைன்ஸ். சில சமயம் பக்கத்து மாநிலமான ஐடஹோ வரும். உள்ளுக்குள் ஏமாற்றமாக இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவன் சிரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தப் பையனுக்காக எனக்கு எப்போதும் மனசு அடித்துக்கொள்ளும்.

சம்பளம் உண்டா?

ஒரு பைசா கிடையாது. அவன்தான் கட்டுகிறான். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்கள் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும், 2020 ஜூலைக்கு முன் அது 400 ஆக இருந்தது. இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். பையன் வேலை செய்து சேர்த்தது, பெற்றோர் தருவது, சில சமயம் உள்ளூர் சபைக்காரர்கள் போடுவது எல்லாம் சேர்ந்து அந்தத் தொகை. 1990 வரை போகும் ஊரின் விலைவாசிக்கு ஏற்ப அவரவர் செலவு செய்தார்கள், அதனால் பிள்ளை ஜப்பானுக்குப் போன குடும்பம் திண்டாடும், தென்னமெரிக்காவுக்குப் போன குடும்பம் தப்பித்துவிடும். அந்த ஏற்றத்தாழ்வைப் போக்கத்தான் எல்லாருக்கும் ஒரே தொகை என்று மாற்றினார்கள். வாடகையைப் பொதுப்பணத்திலிருந்து கட்டிவிடுவார்கள், சாப்பாடு, பஸ், சோப்புக்கு மாதா மாதம் ஒரு அட்டையில் கொஞ்சம் பணம் ஏறும். மாதக்கடைசியில் அரிசியும் முட்டையுமாக ஓட்டிய கதையைத் திரும்பி வந்த எல்லாருமே சொல்கிறார்கள்.

மொழி தெரியாத ஊரில் என்ன செய்வான்?

முதலில் பயிற்சி மையம். பெரியது யூட்டாவின் புரோவோ நகரத்தில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மணிலா, சாவோ பாவ்லோ, மெக்சிகோ சிட்டி, அக்ரா போன்ற ஊர்களிலும் உண்டு. புது மொழி படிக்க வேண்டியவர்கள் பல வாரம் இருப்பார்கள், காலையிலிருந்து ராத்திரி வரை மொழியும் பாடமும்தான். ஆனால் பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகலோக்கை எடுத்துக்கொண்டால், பயிற்சி மையத் தகலோக் வேறு, சந்தைத் தகலோக் வேறு. இதிலே இன்னொரு சிக்கல், அதே நாட்டின் செபுத் தீவுக்குப் போகிறவனுக்குத் தகலோக் போதாது, அங்கே பேசுவது செபுவானோ. முதல் மூன்று மாதம் அனுபவமுள்ள ஒருவரோடு போடுகிறார்கள். மூத்தவன் பேசுவான், இவன் தலையாட்டுவான். நாலாவது மாதம் போல ஏதோ ஒரு பாட்டி சொன்ன நகைச்சுவை புரிந்து, மற்றவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தபோதுதான் தெம்பு வந்தது என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் சொன்னான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 6:30க்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. பிலிப்பைன்ஸில் இந்த 6:30க்கு அலாரமே தேவையில்லை, நாலு மணியிலிருந்து சேவல் கூவிக்கொண்டே இருக்கும். குளியல் வாளித் தண்ணீரில். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க ஷவரில் குளித்த பையன் 'தாபோ' என்னும் அந்த பிளாஸ்டிக் சொம்பைப் பிடித்து, எவ்வளவு தண்ணீரை எங்கே முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றதை வீட்டுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் தவறாமல் சொல்கிறான். காலை உணவுக்குப் பிறகு தனியாகப் படிப்பு, ஜோடியாகப் படிப்பு, மொழிப் படிப்பு. பத்து மணி வாக்கில் வெளியே கிளம்ப வேண்டும்.

அப்புறம் ராத்திரி ஒன்பது வரை தெருதான். பரங்காய் என்று சொல்கிற சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கு ஜீப்னி என்கிற சின்னப் பஸ்ஸிலோ, மோட்டார் சைக்கிளோடு தொட்டில் கோர்த்த டிரைசைக்கிளிலோ, பெரும்பாலும் நடந்தோ போகிறார்கள். ஈரப்பதம் சென்னை மாதிரியேதான், அதில் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பலகை. ஏற்கெனவே பாடம் கேட்க ஒத்துக்கொண்ட குடும்பம் ஒன்று இருக்கும், மூன்று மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள், போனால் வீடு பூட்டியிருக்கும். அடுத்த வீட்டுக்கு நடை. அங்கே ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பார், உட்கார பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார், அரை மணி நேரம் ஜெபத்தைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேச்சு, நடுவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றுவிடும். சபைக்கு வராமல் நின்றுபோன பழைய உறுப்பினர்களைப் பார்ப்பது, வயதானவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பது, கூரை மாற்றுகிறவர்களுக்குக் கை கொடுப்பது, இலவச ஆங்கில வகுப்பு எடுப்பது எல்லாம் இதற்குள் வரும். ராத்திரி அறைக்குத் திரும்பி நாளையத் திட்டத்தை எழுதி, தலைவனாக இருக்கும் இன்னொரு மிஷனரிக்கு அன்றைய கணக்கைச் சொல்லி, 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017லிருந்து நேர அட்டவணையை அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள்.

எப்போதும் இரண்டு பேராகவே திரிவது ஏன்?

விதி அது. 'கம்பேனியன்' என்கிற கூட்டாளியை விட்டுக் குளியலறை தவிர வேறெங்கும் தனியாகப் போகக் கூடாது, பார்க்கவும் கேட்கவும் முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூங்கி, ஒரே சமையல், ஒரே நடை. யாரோடு இருப்பது என்பதும் அவன் கையில் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும், கூட்டாளி மாறலாம், ஊர் மாறலாம், இரண்டும் மாறாமலும் போகலாம்.

இந்த முழு ஏற்பாட்டிலேயே கடினமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன், வெயிலையும் கதவு சாத்துவதையும் விட. 19 வயதில் நமக்குப் பிடிக்காத ஒருவனோடு நாள் முழுவதும் இருந்து பாருங்கள். யூட்டாவில் பெரிய வீட்டில் தனி அறையோடு வளர்ந்தவனுக்கு, நெல் வயலுக்கு நடுவே ஒரு ஊரில் எட்டுப் பேர் குடும்பத்தில் பிறந்த பிலிப்பினோ பையன் கூட்டாளியாக வருவான். ஒருவன் மீதிச் சோற்றைக் கொட்டுகிறான், இன்னொருவனுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவன் கோபம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்கிறான், இன்னொருவன் மூன்று நாள் பேசாமல் இருக்கிறான். வெளியே போய் அழவும் முடியாது, போனில் நண்பனிடம் புலம்பவும் முடியாது. வாரம் ஒருமுறை இரண்டு பேரும் உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், அதைச் சரியாகச் செய்கிறவர்கள் தப்பிக்கிறார்கள். திரும்பி வந்த பையன்களிடம் கேட்டால் பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவதைவிட அந்தக் கூட்டாளியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பல வருடம் கழித்து ஒருவர் கல்யாணத்துக்கு இன்னொருவர் கடல் தாண்டி வருவதும் நடக்கிறது.

காபி, டீ குடிக்க மாட்டார்களாமே? விருந்தாளியாகப் போன இடத்தில் என்ன செய்வார்கள்?

காபி, டீ, மது, புகையிலை நாலும் கிடையாது. பிலிப்பைன்ஸில் வாசலுக்கு வந்தவனுக்கு எதையாவது கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள் என்பதால் இது தினமும் வரும் சங்கடம். காபி வேண்டாம் என்றால் அந்த வீட்டு அம்மா மைலோ கலக்கித் தருவார், இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து ஒரு கோக்கும் பிஸ்கட்டும் வாங்கிவரப் பிள்ளையை ஓடவிடுவார். அந்த வீட்டுக்கு அது பெரிய செலவு. வாங்கிக் குடிக்கவும் மனசு வராது, மறுக்கவும் முடியாது. சோறு, அதோபோ என்கிற இறைச்சிக் குழம்பு, வறுத்த மீன் எல்லாம் சீக்கிரம் பழகிவிடுகிறது, பலூட் என்கிற குஞ்சு வளர்ந்த வாத்து முட்டை மட்டும் எல்லாருக்கும் பழகுவதில்லை.

முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினால்?

அடுத்த கதவு. இதை லேசாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பல ஊர்களில் வருடக்கணக்காகக் கதவு தட்டியும் ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்காமல் திரும்பியவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் யாரும் முரட்டுத்தனமாகப் பேசுவது குறைவு, ஆனால் அங்கே வேறு வலி. வெட்கத்தாலோ மரியாதையாலோ 'சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்' என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவார்கள். இவன் காலையிலேயே சபை வாசலில் நின்று ஒவ்வொரு டிரைசைக்கிளையும் பார்த்துக்கொண்டிருப்பான். பாட்டு தொடங்கிவிடும், யாரும் வந்திருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் மறுபடி அதே வீட்டுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்காமல், பிள்ளைக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தெரிந்துகொள்கிறான். எனக்கு அவர்களுடைய மதக்கொள்கையில் நம்பிக்கை இல்லை. ஆனால் 19 வயதில் அந்தப் பக்குவம் எனக்கு இருந்ததில்லை என்று சொல்ல வேண்டும்.

வீட்டோடு பேசலாமா?

2019 பிப்ரவரிக்கு முன்னால் வருடத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். மூத்தவன் பழைய விதியில் போய், இளையவன் புது விதியில் போன வீடுகளில் அம்மாக்களைக் கேளுங்கள், வித்தியாசத்தைக் கண்ணீரோடு சொல்வார்கள். தினமும் பேசினால் பையன் மனசு ஊரிலேயே இருக்கும் என்பது அந்தப் பழைய கட்டுப்பாட்டுக்குச் சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கலாம், ஆனாலும் மாற்றியது நல்ல காரியம்.

லீவே கிடையாதா?

பெரும்பாலான இடங்களில் திங்கட்கிழமை. அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான். துணி துவைப்பது, முடி வெட்டுவது, மளிகை வாங்குவது, வீட்டுக்குப் பேசுவது, நேரம் மிஞ்சினால் கூடைப்பந்து.

வேறு என்னென்ன கூடாது?

காதல் கூடாது, சினிமா கூடாது, நீச்சல் கூடாது. தீவுக்கூட்டத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கடலில் இறங்காமல் வருகிறார்கள். பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, ஆணுக்கு 'எல்டர்', பெண்ணுக்கு 'சிஸ்டர்', கூடவே குடும்பப் பெயர். தனக்கு ஒதுக்கிய எல்லையை அனுமதியில்லாமல் தாண்டவும் கூடாது.

பெண்களுக்கும் இதே வாழ்க்கையா?

ஏறக்குறைய இதேதான். முன்பு பாவாடை கட்டாயம், 2018 டிசம்பரில் பேண்ட் போடவும் அனுமதித்தார்கள். கொசுவும் சேறும் சைக்கிளும் உள்ள ஊர்களில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனவர்களுக்குத்தான் தெரியும்.

புயல், நோய் என்று வந்தால்?

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரத்தைப் புரட்டிப் போட்டது, அங்கே அதற்கு யோலாந்தா என்று பெயர். அந்தப் பகுதியில் சுமார் 200 மிஷனரிகள் இருந்தார்கள். தொலைபேசி, மின்சாரம் எதுவும் இல்லை, யூட்டாவில் பெற்றோர்கள் நாள் கணக்கில் தூங்கவில்லை. கடைசியில் எல்லாரும் உயிரோடு இருப்பது உறுதியாகி, மணிலாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு வேறு மிஷன்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஊருக்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்துபோனதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

அடுத்து 2020 மார்ச், கொரோனா. தனி விமானங்கள் பிடித்து பிலிப்பைன்ஸிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் குடும்பங்கள் திரண்டு நின்றதும், இடைவெளி விடாமல் கூடியதற்காகக் கண்டனம் எழுந்ததும் அப்போது பெரிய செய்தி. இறங்கியவர்களில் பலருக்குத் தங்கள் ஊழியம் அத்தோடு முடிந்ததா, திரும்பப் போகப் போகிறோமா என்றே தெரியாது.

பாதியிலேயே திரும்பி வந்துவிட்டால்?

உடம்பு சரியில்லாமலோ, மனஅழுத்தத்தாலோ, நம்பிக்கை போய்விட்டதாலோ திரும்புகிறவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். சபை இப்போது மனநல ஆலோசகர்களை ஏற்பாடு செய்கிறது, ஊரிலேயே தங்கிச் சேவை செய்யும் மாற்று வழியும் இருக்கிறது. ஆனாலும் யூட்டாவின் சின்ன ஊர்களில் இது இன்னும் கஷ்டமான விஷயம். முழுக்காலம் முடித்து வருகிறவனுக்கு விமான நிலையத்தில் பேனர், பலூன். ஐந்தாவது மாதத்தில் வருகிறவனை அம்மா அப்பா மட்டும் போய்க் கூட்டிவருகிறார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே வருவதே இல்லை. 'ஏன்டா சீக்கிரம் வந்துட்ட' என்ற கேள்வியை யாருமே அவனிடம் கேட்கக் கூடாது. நம் ஆட்கள் ஆர்வத்தில் கேட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 'வா, சாப்பிட்டுப் போ' என்று சொல்லுங்கள், போதும்.

இவர்கள் நம் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறார்களா?

நம்ப மாட்டீர்கள், 1853லேயே சென்னைக்கு வந்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சால்ட் லேக் சிட்டியில் 1849ல் இந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர், கல்கத்தாவிலிருந்து கப்பலில் மதராஸ் வந்து சேர்ந்தார். கையில் பணம் இல்லாமல் புறப்படுவதே அந்தக் கால மிஷனரி வழக்கம். துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டார், கூட்டங்கள் நடத்தினார், சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு வருடத்தில், 1854ல், திரும்பிவிட்டார். மனைவி குழந்தைகளை விட்டுவிட்டு, கடிதம் போய்ச் சேரவே பல மாதம் ஆகும் காலத்தில் வந்த மனிதர். இன்றைக்கு இந்தியாவில் பெங்களூரு, புதுதில்லி போன்ற ஊர்களில் மிஷன்கள் உண்டு, பெங்களூரு 1993ல் தொடங்கியது. வெளிநாட்டவருக்கு விசா எளிதில்லை என்பதால் ஊழியத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தியப் பிள்ளைகளே. இங்கே அவர்கள் வீடு வீடாகக் கதவு தட்டுவதில்லை, தெரிந்தவர்கள் அழைத்தால்தான் போகிறார்கள்.

அமெரிக்காவிலோ வேறு நாட்டிலோ நம் வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது?

விருப்பம் இல்லையென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்: 'எங்களுக்கு எங்கள் நம்பிக்கை இருக்கிறது, மாறும் எண்ணம் இல்லை.' அடுத்த வாரம் வாருங்கள் என்று மட்டும் பொய்யாகச் சொல்லாதீர்கள், அவர்கள் உண்மையிலேயே வருவார்கள். வெயிலாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள், மோரும் குடிப்பார்கள், டீ போட வேண்டாம். வீட்டில் சோபா நகர்த்த வேண்டும், தோட்டத்தில் கிளை வெட்ட வேண்டும் என்றால் தாராளமாகக் கேட்கலாம், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து செய்வார்கள், காசு வாங்க மாட்டார்கள். எந்த ஊர், வீட்டில் யார் யார், எத்தனை மாதம் ஆச்சு என்று இரண்டு வார்த்தை விசாரித்தால் பெயர்ப்பலகைக்காரன் மறைந்து ஒரு சின்னப் பையன் பேச ஆரம்பிப்பான். மதத்தைப் பற்றி வாதம் செய்ய ஆசை இருந்தால் அவர்கள் பெரியவர்களிடம் போய்ச் செய்யுங்கள், இந்தப் பிள்ளைகளிடம் வேண்டாம்.